தேதி போடாத கடிதம்

எங்கள் அலுவலகத்தின் மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அவர்கள் தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். மாடியில் உட்காருவது கண்காணிப்பாளர்கள், அவர்களுக்கு மேலே பொறியாளர்கள், எல்லோருக்கும் மேலே ஒரு மேனேஜர். அத்தனை பேரும் ஆண்கள். தரைத்தளத்தில் தட்டச்சர்களும் உதவியாளர்களும் இருக்கிறோம். எங்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நாங்கள் எழுதும் கோப்பு படியேறிப் போகும், கையெழுத்தாகி இறங்கி வரும். நாங்கள் ஏற வேண்டிய அவசியமே இல்லை.

அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் கிளை அலுவலகம் இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், நான் இன்னும் பென்ஷன் வாங்க வேண்டியவள். காலையில் மேசையைத் துடைத்தால் மத்தியானத்துக்குள் இரும்பு ஆலைகளின் கருந்தூள் மறுபடி படிந்திருக்கும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு யாரும் வேலைக்கு வருவதில்லை.

என்னுடையது பணியமைப்புப் பிரிவு. யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், யாருக்கு எந்த வருஷம் பதவி உயர்வு, யாருக்கு எங்கே மாற்றல், எல்லாம் என் அலமாரியில் இருக்கும். ஆகையால் எங்கள் ஊரில் பதவி உயர்வு என்றால் பள்ளிப்பட்டு என்று அர்த்தம் என்பதை என்னைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூலை என்றால், பள்ளிப்பட்டு அந்த மூலை. ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருத்தணி என்று பஸ் மாறி மாறிப் போனால் அரை நாள் போய்விடும். அங்கே யாரும் தங்குவதில்லை, அதனால் காலியிடம் எப்போதும் அங்கேதான். உதவியாளராக இருப்பவர் கண்காணிப்பாளராக வேண்டுமென்றால் முதலில் அங்கே போக வேண்டும்.

ஆண்கள் போவார்கள். நாலு பேராகச் சேர்ந்து ஒரு அறை எடுத்து, பொங்கித் தின்று, ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒட்டுவார்கள். பிறகு யாரையாவது பிடித்து இந்தப் பக்கமே திரும்பிவிடுவார்கள். வரும்போது கண்காணிப்பாளராக வருவார்கள், நேரே மாடிக்குப் போவார்கள். பெண்கள் உரிமைவிடல் கடிதம் எழுதுவார்கள். எனக்கு இந்தப் பதவி உயர்வு வேண்டாம், என் உரிமையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதற்குத்தான் அந்தப் பெயர். ஒருமுறை தந்துவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பட்டியலில் பெயர் வராது.

தலைமை அலுவலகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பட்டியலை மாதக் கணக்கில் ஊறப்போடுவார்கள், பிறகு ஒரு நாள் காலையில் மின்னஞ்சல் அனுப்பி, மாலைக்குள் சம்மதமா உரிமைவிடலா என்று பதில் கேட்பார்கள். பதில் போகாவிட்டால் உத்தரவு வந்துவிடும். முன்பு ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. கர்ப்பப்பை அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவளுக்குப் பள்ளிப்பட்டு உத்தரவு வந்தது. அதை ரத்து செய்ய அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு நடையாய் நடந்தாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பட்டியலில் பெயர் வரக்கூடிய பெண்களிடமெல்லாம் உரிமைவிடல் கடிதத்தைத் தேதி போடாமல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டேன். மின்னஞ்சல் வந்தால் அன்றைய தேதியைப் போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான், யாரும் ஓடி அலைய வேண்டாம். பெண்கள் என்னைக் கொண்டாடினார்கள். ஒருத்தி மல்லிகைப்பூ வாங்கிவந்து தலையில் வைத்துவிட்டாள். எவ்வளவு சாமர்த்தியமாக எல்லோருக்கும் நல்லது செய்கிறேன் என்று நானும் என்னை மெச்சிக்கொண்டேன். ஆண்களிடம் நான் கடிதம் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை.

அப்படிக் கடிதம் கொடுத்தவர்களில் ஒருவர் எளாவூர் அக்கா. எளாவூரிலிருந்து வருவதால் அலுவலகம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். என் பக்கத்து இருக்கை, என்னைவிட மூன்று வயது மூத்தவர். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள், கணவர் இங்கே இரும்பு ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். அக்கா தட்டச்சராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, உதவியாளர் ஆனார். அவர் எழுதும் அலுவலகக் குறிப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. கண்காணிப்பாளர்கள் படிக்காமலே அடியில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடுவார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மாமியார் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அப்போதுதான் அக்கா என்னிடம் கடிதம் கொடுத்தார். படுத்த படுக்கையாக உள்ள என் மாமியாரை நானே கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் பதவி உயர்வை விட்டுவிடுகிறேன் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். இடையில் பட்டியலே வரவில்லை. யாரோ வழக்குப் போட்டுத் தடை வாங்கியிருந்தார்கள். மாமியார் ஆறு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார். அலுவலகத்தின் சார்பில் மாலை வாங்கிக்கொண்டு போனது நான்தான். அக்காவின் மகளுக்குக் கல்யாணமாயிற்று. கணவரும் நுரையீரல் கெட்டு, வேலையை விட்டு வீட்டோடு இருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா சொன்னார்.

"இத்தினி வருஷம் நான் எழுதுன நோட்டுல வேற ஆளு கையெழுத்து போட்டுக்கினு கீறாங்க. ஒரு தபாவாவது என் நோட்டுல நானே கையெழுத்து போட்டுட்டு ரிட்டயர் ஆவணும்மா."

நான் சிரித்தேன். புளிசாதத்தை மென்றுகொண்டே, "இன்னும் நாலு வருஷம்தானேக்கா, பேஜாரு எதுக்கு?" என்று சொன்னது நினைவிருக்கிறது. அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மின்னஞ்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கு முடிந்து பட்டியல் தயாராகியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர். முதலில் எளாவூர் அக்கா, அவருக்குக் கீழே ஸ்டோர் பிரிவில் இருந்த ஒருவர். ஸ்டோர் சார் என்போம். மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று வழக்கம்போலப் போட்டிருந்தார்கள். இரண்டு பேருமே அன்று விடுப்பு.

நான் அலமாரியைத் திறந்தேன். அக்காவின் கடிதத்தை எடுத்தேன். படிக்கவில்லை. வலது மூலையில் அன்றைய தேதியைப் போட்டேன், ஸ்கேன் செய்தேன், மாடிக்குப் போய் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். அவரும் படிக்கவில்லை. ஸ்டோர் சாரின் சம்மதமும் மாலைக்குள் வந்து சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டு நாலேகால் மணிக்கு டீ குடித்தேன். ஒரு மனுஷிக்கு அலைச்சல் மிச்சம் என்ற திருப்தி இருந்தது. அக்காவைக் கேட்க வேண்டும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அக்கா சீக்கிரமே வந்துவிட்டார். புதுப் புடவை. நாஷ்டா டப்பாவைத் திறந்து கேசரியை என் பக்கம் தள்ளினார். தலைமை அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு பெண், பட்டியல் வரப்போகிறது என்று முந்தின வாரமே காதில் போட்டிருக்கிறாள்.

"வெள்ளிக்கெழம எங்க போனோம் தெரியுமா? பள்ளிப்பட்டு. அவரையும் இட்டுக்கினு போனேன். பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஊடு பாத்துட்டோம்மா. கெழக்குப் பாத்த வாசல். போர் தண்ணி நல்லா கீது. அந்த ஊட்டுக்காரம்மா தெலுங்கு, என்னை அக்கா அக்கான்னு கூப்புட்டு மோர் குடுத்துச்சு. இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? நீ ஆபீசுக்குப் போ, நான் சோறு ஆக்கி வெக்கிறேன்றாரு. உலையில நின்ன மனுசன், அடுப்புல நிக்க மாட்டேனான்றாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. என் வாயில் கேசரி இருந்தது.

"அக்கா, உன் லெட்டரு அனுப்பிட்டேன்க்கா" என்றேன்.

"எந்த லெட்டரு?"

அவருக்கு நினைவே இல்லை. எட்டு வருஷம். நான் கணினியைத் திருப்பி, அனுப்பிய கடிதத்தைத் திறந்து காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தைத் தானே படித்தார். படுத்த படுக்கையாக உள்ள என் மாமியாரை. அந்த இடத்தில் அவருடைய உதடு நின்றது. அப்போதுதான் நானும் அதைப் படித்தேன்.

"எங்க மாமியாரு செத்து ரெண்டு வருஷம் ஆவுது. நீதானே மாலை எத்துக்கினு வந்த?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார்.

"டைமே இல்லக்கா. அஞ்சு மணிக்குள்ள கேட்டுட்டாங்க. நீ வேற லீவு" என்றேன்.

அக்கா கணினியைப் பழையபடி என் பக்கம் திருப்பினார். "ஆமா, அவனுங்க அப்படித்தான்" என்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். எனக்கு அந்த நிமிஷம் உயிர் வந்தது. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு பேரும் படியேறி மேனேஜரிடம் போனோம். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். கடிதம் பழையது, தேதி போட்டது நான், அக்காவுக்கு இப்போது சம்மதம் என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, இதை எப்படி எழுதறது?" என்று கேட்டார் அவர். "மாமியார் இறந்துட்டாங்கன்னு எழுதினா, இறந்தவங்களைக் காரணம் காட்டி இவங்க பொய்த் தகவல் கொடுத்ததா ஆகும். தேதி நீங்க போட்டதுன்னு எழுதினா, ஆவணத்தைத் திருத்தினதா உங்க மேல மெமோ வரும். தேதியில்லாத கடிதத்துல கையெழுத்துப் போட்டதுக்கு இவங்களுக்கும் ஒண்ணு வரும். கையெழுத்து இவங்களோடதுதானே? யாரும் கையைப் புடிச்சு வாங்கலையே?"

யாரும் கையைப் பிடித்து வாங்கவில்லை. பூ வைத்துக்கொண்டு வாங்கினேன்.

"எழுதிக் குடுக்கறேன் சார், எனக்கு மெமோ வந்தா வரட்டும்" என்றேன். நிஜமாகவே எழுதியிருப்பேன். அக்காதான் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். படியிறங்கும்போது சொன்னார்.

"மூணு வருஷம் சில்லறை மாசம் கீது எனக்கு. மெமோவோட ரிட்டயர் ஆனா பென்ஷன நிறுத்தி வெப்பானுங்க. அவரு நுரையீரலு எப்படி கீதுன்னு உனக்குத் தெரியும். மாத்திரைக்கு நான் எங்க போவேன்? உடு."

காரணம் எதுவும் சொல்லாமல், உரிமைவிடலை ரத்து செய்யும்படி மட்டும் ஒரு மனு போட்டோம். மனுவை அக்காவே எழுதினார், வழக்கம்போல் ஒரு பிழை இல்லை. பதில் மூன்றாம் வாரம் வந்தது. தங்கள் சுயவிருப்பத்தின் பேரில் அளிக்கப்பட்ட உரிமைவிடல் ஏற்கப்பட்டுவிட்டது, மறுபரிசீலனைக்கு இடமில்லை, மூன்று ஆண்டுகள் கழித்துப் பெயர் பரிசீலிக்கப்படும். மூன்று ஆண்டு கழித்துப் பெயர் பட்டியலின் அடியில் சேரும். அது மேலே வருவதற்குள் அக்காவுக்கு அறுபது முடிந்துவிடும். எங்கள் இருவருக்கும் தெரிந்த கணக்குதான். அக்கா பதிலைக் கோப்பில் சேர்த்து, துளை போட்டு, நூலால் கட்டி என்னிடம் கொடுத்தார். பள்ளிப்பட்டு வீட்டுக்காரம்மாவுக்கு அவருடைய கணவர் போன் செய்து, வரவில்லை என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

அலமாரியைத் திறந்தேன். மீதிக் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் போனேன். இந்தா, உன் கடிதம், கிழித்துப்போடு, இனிமேல் மின்னஞ்சல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒருத்தியும் வாங்கவில்லை.

"ஐயோ, திடீர்னு பள்ளிப்பட்டு போட்டுட்டான்னா? எம்புள்ள டென்த்து" என்றாள் ஒருத்தி. "உன்னாண்டயே இருக்கட்டும்க்கா. நீ பாத்துக்குவ" என்றாள் இன்னொருத்தி. நான்தான் பார்த்துக்கொண்டேனே, போதாதா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர்களுக்கு எளாவூர் அக்காவுக்கு நடந்தது தெரியும். தெரிந்தும் கையை நீட்டவில்லை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வற்புறுத்த நான் யார்? அவர்கள் வீட்டில் நான் போய்ச் சோறு ஆக்கப்போகிறேனா?

ஸ்டோர் சார் பள்ளிப்பட்டில் ஐந்து மாதம் இருந்தார். பிறகு எங்கள் பிரிவுக்கே கண்காணிப்பாளராகத் திரும்பி வந்தார். கெட்டவர் இல்லை. முதல் நாள் கீழே இறங்கிவந்து, "அக்கா, நீங்கதான் எல்லாம் சொல்லித்தரணும்" என்று எளாவூர் அக்காவிடம் சொன்னார். அக்கா சொல்லிக் கொடுத்தார். எந்தக் கோப்பில் எந்த விதி, எந்த அதிகாரிக்கு எப்படி எழுதினால் பிடிக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அக்கா குறிப்பு எழுதுவார், அது மேலே போகும், ஸ்டோர் சாரின் கையெழுத்தோடு இறங்கி வரும். அதைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு பதவியிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று நிரப்பி அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. மேல் பதவிகளில் பெண்கள் குறைவாக இருந்தால் அதற்கான காரணத்தைக் குறிப்பிடவும் என்று கேட்டிருந்தார்கள். எண்களை நான் போட்டேன். கண்காணிப்பாளர் வரிசையில் பெண் என்ற இடத்தில் ஒரு சைபர் போட்டேன். காரணத்தை ஸ்டோர் சார் எழுதிக் கீழே அனுப்பினார். நான் தட்டச்சு செய்தேன்.

தட்டச்சு செய்ததை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எங்கள் அலுவலகத்தில் எதுவும் வெளியே போகும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். அன்று மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் பென்சிலை எடுத்தேன்.

எண்களைப் படித்து முடித்தார். சைபரையும் மற்ற எண்களைப் போலவே படித்தார். பிறகு காரணத்துக்கு வந்தார். "பெண் பணியாளர்களிடம் ஒவ்வொரு முறையும் உரிய முறையில் விருப்பம் கேட்டறியப்பட்டு" என்று படித்துவிட்டு நிறுத்தினார். அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அன்னிக்கு ஸ்டோர் சாரும் லீவுதானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"அப்புறம் அவரோட சம்மதம் எப்படி வந்துச்சு?"

பென்சில் என் கையில் இருந்தது. பொய் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை.

"போன் பண்ணேன்க்கா."

"எத்தினி தபா?"

"மூணு தபா. மொதல் ரெண்டு தபா எடுக்கல."

அக்கா தலையை ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை. விரலை வைத்திருந்த இடத்திலிருந்து, "அவர்கள் தாமாகவே முன்வந்து" என்று மேலே படிக்க ஆரம்பித்தார். அவர் குரல் மாறவில்லை. நான் ஒவ்வொரு சொல்லுக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.